‘சும்மாதான் இருக்கான்!’ – பள்ளி முடித்த நம்ம பிள்ளைகள் எங்கே போகிறார்கள்?

காலை ஆறரை மணிக்குப் பனவடலிசத்திரம் பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றால், இந்தச் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். தேவர்குளம், மானூர் வழியாகத் திருநெல்வேலி போகிற பஸ்ஸில் கல்லூரிப் பிள்ளைகள் தொங்கிக்கொண்டு போவார்கள். எதிர்ப்பக்கம் சங்கரன்கோவில் பஸ்ஸில் ஜவுளிக்கடை, மருந்துக்கடை, விசைத்தறி என்று வேலைக்குப் போகிற பெண்கள். நடுவே மஞ்சள் நிறத்தில் தனியார் கல்லூரி வண்டி. மில்லுக்கு ஆள் ஏற்றுகிற வேன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு காத்தாடிக் கம்பெனியில் வேலை பார்க்கிற பையன்கள் இரண்டு பேர் மூன்று பேராக பைக்கில் பறப்பார்கள். காற்றாலையை இங்கே யாரும் காற்றாலை என்று சொல்வதில்லை, காத்தாடிதான்.

இத்தனை வண்டியும் போய் முடிந்து, தூசி அடங்கின பிறகு, எட்டு மணி வாக்கில் ஆட்டைப் பத்திக்கொண்டு நாலைந்து பேர் சாலையைக் கடப்பார்கள். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். அன்றைக்கு நான் நின்றபோது அதில் ஒரு இளவட்டமும் இருந்தான். அவனைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

டீக்கடையில் உட்கார்ந்திருந்த அவன் அப்பாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“அண்ணாச்சி, மூத்தவன் என்ன செய்யுதான்?”

“அவனா? இஞ்சினியருக்குப் படிச்சான். மெட்ராஸ்ல ரெண்டு வருசம் கம்பெனியில இருந்தான். பிடிக்கலன்னு வந்துட்டான். இப்பம் சும்மாதான் இருக்கான்.”

அந்தச் ‘சும்மா இருக்கிற’ மகன் காலையில் ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டு, தொழுவம் கூட்டி, ஆட்டைப் பத்திவிட்டு, பத்து மணிக்கு உளுந்தில் களை பார்த்து, சாயங்காலம் மீன் அமிலம் அடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறான். போன வருடம் யாரும் சொல்லாமலே கருங்கண்ணிப் பருத்தி விதை தேடி வாங்கிவந்து ஒரு பக்கம் ஊன்றிப் பார்த்திருக்கிறான். இதையெல்லாம் அண்ணாச்சியே ஒரு டீ முடிவதற்குள் என்னிடம் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு மறுபடியும், “ஆனா வேலைன்னு ஒண்ணும் இல்ல பாத்துக்கிடுங்க” என்றார்.

மகனிடம் கேட்டேன். அவனுக்குக் கோபம் எதுவும் இல்லை. “அப்பா சொல்லுததும் சரிதான் அண்ணே. மாசம் பொறந்தா சம்பளம்னு ஒண்ணு வரலல்லா” என்று சிரித்தான்.

இந்த இதழை வாசிக்கிற நம்மில் எத்தனை பேர் வீட்டில் இப்படி ஒரு ‘சும்மா’ இருக்கிறது? கையை நெஞ்சில் வைத்துச் சொல்லுங்கள். இயற்கை விவசாயம் பற்றி மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிற நாமே, கல்யாண வீட்டில் ஒருவர் “தம்பி என்ன பண்றார்?” என்று கேட்டால் என்ன பதில் சொல்கிறோம்?

பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும் ஒரு பிள்ளை எங்கே இருக்கிறது என்பது அரசாங்கத்துக்குத் தெரியும். ‘எமிஸ்’ என்று வாத்தியார்கள் சொல்லிப் புலம்புகிற கணினிப் பதிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண் உண்டு. பிள்ளை பள்ளி மாறினால் எண்ணும் கூடவே போகும். பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டினால்தான் சிக்கல். முன்னெல்லாம் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு ஒன்றுதான் கணக்கு. பதிவு செய்வோம், மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்போம், மறந்துபோனால் சலுகை அறிவிப்புக்குக் காத்திருப்போம். 2022-ல் தமிழ்நாட்டில் அப்படிப் பதிந்து வைத்திருந்தவர்கள் 60 லட்சத்துக்கும் மேல். அதில் துபாயில் இருப்பவரும் உண்டு, சொந்தமாகக் கடை வைத்து நாலு பேருக்குச் சம்பளம் கொடுப்பவரும் உண்டு. யார் அரசு வேலைக்குக் காத்திருக்கிறார்கள் என்று அந்தப் பதிவு சொல்லும். யார் என்ன செய்கிறார்கள் என்று சொல்லாது.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 2022 மார்ச் 1-ல் ‘நான் முதல்வன்’ திட்டம் வந்தது. அதே வருடம் ஜூனில் ‘கல்லூரிக் கனவு’ வழிகாட்டி நிகழ்ச்சிகள் ஆரம்பித்தன. 2023-லிருந்து ‘உயர்வுக்குப் படி’ என்று ஒரு வேலை நடக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களில் எங்கேயும் சேராமல் நின்றுவிட்ட பிள்ளைகளைப் பட்டியல் எடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, அப்பா அம்மாவோடு முகாமுக்கு வரச் சொல்கிறார்கள். அங்கே கல்லூரிக்காரர்களும் ஐ.டி.ஐ.காரர்களும் வங்கிக்காரர்களும் உட்கார்ந்திருப்பார்கள். சாதிச் சான்று இல்லை, முதல் பட்டதாரிச் சான்று இல்லை என்று நின்றுபோன பிள்ளைக்கு அங்கேயே வழி கிடைக்கும். அப்பன் இல்லாத பிள்ளை, குடிகார அப்பன் உள்ள பிள்ளை, மார்க் குறைந்து வெட்கப்பட்டு வீட்டுக்குள் முடங்கின பிள்ளை எல்லாம் இதனால் கல்லூரி வாசலை மிதித்திருக்கின்றன. நல்ல வேலை, சந்தேகமே இல்லை.

பணமும் வருகிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகள் மேலே படித்தால் ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் 2022 செப்டம்பர் 5-லிருந்து மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்குத் ‘தமிழ்ப் புதல்வன்’ 2024 ஆகஸ்ட் 9-ல் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு 2021-லிருந்து இருக்கிறது. இதெல்லாம் வருவதற்கு முன்பே தமிழ்நாடு உயர்கல்வியில் முன்னால்தான் இருந்தது. 2021-22 கணக்குப்படி கல்லூரி வயதுப் பிள்ளைகளில் சேர்க்கை விகிதம் இந்தியாவில் 28.4, தமிழ்நாட்டில் 47.

ஆனால் அந்தப் போன் முக்கியமாகக் கேட்கிற கேள்வி ஒன்றுதான். “எதிலாவது சேர்ந்துட்டியா?” சேர்ந்தவன் பச்சை, சேராதவன் சிவப்பு. சேர்ந்தவன் மூன்று வருடம் கழித்து என்ன ஆனான் என்று கேட்க அடுத்த போன் இல்லை. தன் விருப்பத்தோடு அப்பாவின் மூன்று ஏக்கரில் நின்றுவிட்ட பையனுக்கும், செல்போனைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் கிடக்கிற பையனுக்கும் அந்தப் பட்டியலில் வித்தியாசம் இல்லை. இரண்டு பேரும் ‘சேராதவர்’தான்.

இதிலே ஒரு வேடிக்கை இருக்கிறது. ‘சும்மா’ என்று அப்பா சொல்கிற பையனை மத்திய அரசின் புள்ளிவிவரத் துறை சும்மா என்று சொல்வதில்லை. வேலைவாய்ப்பு, வேலையின்மை பற்றி 2017-லிருந்து எடுக்கிற காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண் போடுவார்கள். சொந்தமாகத் தொழில் செய்தால் 11. வீட்டு நிலத்தில், வீட்டுத் தொழிலில் சம்பளம் வாங்காமல் உதவி செய்தால் 21. இந்த 21-ம் வேலையில் இருப்பவர் என்றுதான் கணக்கு. அண்ணாச்சி மகன் டெல்லிக்கு உழைப்பாளி, டீக்கடைக்கு வேலையில்லாதவன்.

பெண் பிள்ளைகள் கதை இதற்கு நேர் தலைகீழ். கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண் விறகு பொறுக்குகிறது, மாட்டுக்குப் புல் அறுக்கிறது, கொல்லையில் காய்கறி போடுகிறது, வீட்டுக்குத் துணி தைக்கிறது. இதெல்லாம் வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்றால் அந்தக் கணக்கெடுப்பில் அதற்கு எண் 93. அதாவது வீட்டு வேலையோடு சேர்ந்த வேலை, உழைப்பாளர் கணக்கிலேயே வராது. அதே பெண் கறக்கிற பாலைச் சொசைட்டிக்கு ஊற்றினால் உடனே வேலையில் இருப்பவராக ஆகிவிடும். நம்ம வீட்டில் விதையைச் சாம்பல் கலந்து காயவைத்துப் பானையில் எடுத்துவைக்கிறது யார்? அந்த விதைக்கு எந்த எண்ணும் கிடையாது. போன தலைமுறையில் இதே தென் மாவட்டத்துப் பெண் பிள்ளைகளை ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் மூன்று வருட ஒப்பந்தம் போட்டு, கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று ஆசை காட்டி, நூற்பாலைகளுக்கு வேனில் ஏற்றிப் போனார்கள். பருத்தி விளைகிற கரிசல் பூமியின் பிள்ளைகள் வெளியூர் மில் விடுதியில் அடைபட்டுப் பருத்தி நூற்றார்கள். முழுத்தொகை கைக்கு வராமலே உடம்பு கெட்டுத் திரும்பி வந்தவர்கள் உண்டு. அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள், எப்படித் திரும்பினார்கள் என்று ஊரில் அன்றைக்கு ஒரு நோட்டு இருந்திருந்தால், இரண்டாவது வருடம் வேன் ஊருக்குள் வந்திருக்குமா?

அப்பாக்கள் ‘சும்மா’ என்று சொல்வதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2018-19-ல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்புப்படி இந்தியாவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் கூலி, சம்பளம் மூலம் வந்தது 4,063. பயிர் மூலம் வந்தது 3,798 மட்டும். விவசாயக் குடும்பத்துக்கே பயிரைவிடக் கூலிதான் அதிகம் கொடுக்கிறது. நிலமும் சுருங்கிக்கொண்டே வருகிறது. தமிழ்நாட்டில் ஒரு பட்டாதாரர் கையில் இருக்கிற சராசரி நிலம் 2010-11-ல் 0.80 ஹெக்டேர், 2015-16-ல் 0.75. இரண்டு ஏக்கருக்கும் கீழே. 2013 டிசம்பர், 2014 ஜனவரியில் டெல்லியின் வளரும் சமுதாய ஆய்வு மையம் 18 மாநிலங்களில் 5,350 உழவர் வீடுகளில் கேட்டபோது, பிள்ளைகள் விவசாயத்திலேயே தொடர வேண்டும் என்று சொன்னவர்கள் 18 சதவீதம்தான்.

பிள்ளைகளிடமே கேட்டால்? ‘அசர்’ என்கிற கல்வி ஆய்வு 2017-ல் நாடு முழுக்க 28 மாவட்டங்களில் 14 முதல் 18 வயது வரை உள்ள கிராமத்துப் பிள்ளைகளைச் சந்தித்தது. படித்துக்கொண்டே ஆனாலும் சரி, படிப்பை விட்டானாலும் சரி, ஏதாவது வேலை செய்கிறவர்கள் 42 சதவீதம். அப்படி வேலை செய்கிறவர்களில் 79 சதவீதம் பேர் செய்தது விவசாயம், அதுவும் அநேகமாகச் சொந்தக் குடும்ப நிலத்தில். பெரியவனானதும் விவசாயியாக வேண்டும் என்றவர்களோ நூற்றுக்கு ஒருவர் சொச்சம். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விவசாயம் தெரியாததால் பிள்ளைகள் விலகவில்லை. பதினான்கு வயதிலேயே மண்வெட்டி பிடித்துப் பார்த்துவிட்டு, அப்பாவின் முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்கிறார்கள்.

அதே அசர் 2023-ல் மறுபடியும் அதே வயதுப் பிள்ளைகளிடம் போனது. தமிழ்நாட்டில் பெரம்பலூர் மாவட்டம். நாடு முழுக்கச் சேர்த்து, 14 வயதில் படிப்பில் இல்லாதவர்கள் 3.9 சதவீதம், 18 வயதில் 32.6 சதவீதம். தொழில் பயிற்சி எதிலாவது இருந்தவர்கள் 5.6 சதவீதம். பதினெட்டில் கதவு திறந்து மூன்றில் ஒரு பிள்ளை வெளியே வருகிறது, கையில் தொழில் இல்லாமல்.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு நம்மாழ்வார் ஐயா ஞாபகம் வருகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மைப் பட்டம் வாங்கினவர். 1960-களில் பக்கத்துக் கோவில்பட்டி மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் அரசு வேலை. 1901-ல் தொடங்கின பழைய நிலையம் அது, இந்தக் கரிசல் மானாவாரிக்காகவே உண்டானது. மழையை நம்பியிருக்கிற ஏழை உழவனுக்கு இந்த ஆராய்ச்சி உதவாது என்று சொல்லி 1969-ல் அந்த வேலையை உதறிவிட்டு வெளியே வந்தார். அந்த வருடம் யாராவது வந்து கணக்கெடுத்திருந்தால் அவர் பேருக்கு நேரே என்ன எழுதியிருப்பார்கள்? ‘வேளாண் பட்டதாரி, வேலை இல்லை.’ அவர் வீட்டிலும் சொந்தக்காரர்கள் ‘சும்மா இருக்கார்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

வேளாண் படிப்பு என்றதும் இன்னொன்று. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி நமக்குக் கூப்பிடுகிற தூரத்தில் இருக்கிறது. கடைசி வருடப் பிள்ளைகள் கிராமத் தங்கலுக்கு வந்து நம்ம திண்ணைகளில் உட்கார்ந்து விதை நேர்த்தி செய்து காட்டுகிறார்கள். மேல்நிலைப் பள்ளித் தொழிற்பிரிவில் வேளாண் அறிவியல் பாடம் இருக்கிறது, அதைப் படித்தவர்களுக்கு வேளாண் பல்கலைக்கழகத்தில் தனி ஒதுக்கீடும் உண்டு. ஆனால் இந்தப் பிள்ளைகளில் யார் உழவுக்குத் திரும்பினார்கள், யார் வங்கிக்குப் போனார்கள், யார் பூச்சிமருந்துக் கம்பெனிக்கு விற்பனை அதிகாரியாகி மறுபடியும் நம்ம ஊருக்கே மோட்டார் சைக்கிளில் வந்து நிற்கிறார்கள் என்று நாம் கேட்டதே இல்லை. 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கையில், வேளாண் படித்தவர்களைக் கொண்டு 1,000 உழவர் நல சேவை மையங்கள் தொடங்க 30 சதவீத மானியம் என்று அறிவித்தார்கள். ஊரில் படித்த பிள்ளைக்கு ஊரிலேயே ஒரு கடை. வரவேற்கலாம். அந்தக் கடைத் தட்டில் யூரியா மூட்டை மட்டும் இருக்குமா, நம்ம பஞ்சகவ்யமும் இருக்குமா என்பது அந்தப் பிள்ளை யாரோடு பழகி வளர்ந்தது என்பதைப் பொறுத்தது.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள்? ஸ்காட்லாந்தில் பள்ளியை விட்டு வெளியேறின ஒவ்வொரு பிள்ளையும் எங்கே இருக்கிறது என்று இரண்டு தடவை பார்ப்பார்கள். சுமார் மூன்று மாதத்தில் ஒரு தடவை, ஒன்பது மாதத்தில் மறுதடவை. முதல் தடவை கல்லூரியில் இருந்த பிள்ளை இரண்டாம் தடவை இல்லை என்றால், எங்கே வழுக்கியது என்று தெரிந்துவிடும். நம்ம பக்கத்திலேயே ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் ‘யங் லைவ்ஸ்’ என்ற ஆய்வு 2002-லிருந்து 3,000 பிள்ளைகளை விடாமல் தேடிப் போய்ப் பார்க்கிறது. ஒரு வயதுக் குழந்தையாகப் பார்த்த பிள்ளை இன்றைக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு நிற்கிறது, இன்னும் வீடு தேடி வருகிறார்கள். அதற்குப் பெரிய பல்கலைக்கழகமும் பணமும் வேண்டும். மூன்று மாதம், ஒன்பது மாதம் என்ற ஸ்காட்லாந்து வழிக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

அந்த நோட்டைச் சங்கம் போடலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. எல்லா ஊருக்கும் வேண்டாம், உங்கள் தெருவுக்குப் போடுங்கள்.

போட்டுப் பார்த்த அனுபவத்தில் சில விஷயம் சொல்கிறேன். மார்க் எழுதக் கூடாது. எழுதினால் அடுத்த வீட்டுக்கதவு திறக்காது. நோட்டைக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்கக் கூடாது. பிள்ளையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும், அப்பா சொல்வதை மட்டும் எழுதக் கூடாது. ‘என்ன வேலை பார்க்கிறாய்?’ என்று கேட்டால் ‘சும்மா’தான் பதிலாக வரும். அதற்குப் பதிலாக, கணக்கெடுப்புக்காரர்கள் கேட்கிற மாதிரி, ‘போன ஏழு நாளில் என்னென்ன செய்தாய்?’ என்று நாள் நாளாகக் கேட்கவேண்டும். ஞாயிறு ஆடு சந்தைக்கு, திங்கள் களை, செவ்வாய் தங்கச்சியைக் கல்லூரியில் விட்டுவந்தது, புதன் கோவில்பட்டி போய் விதை வாங்கினது என்று வரும். எழுதி முடித்ததும் பிள்ளைக்கே ஆச்சரியமாக இருக்கும்.

இன்னொரு கேள்வி, நமக்கு மட்டுமே தோன்றுகிற கேள்வி: வீட்டில் நிலம் எவ்வளவு, அதை இப்போது யார் பார்க்கிறார்கள், அப்பாவுக்குப் பிறகு யார் பார்ப்பார்கள் என்று பேசியிருக்கிறீர்களா? பல வீட்டில் இந்தப் பேச்சே நடந்தது கிடையாது. காத்தாடிக்கும் சோலாருக்கும் இடம் கேட்டு ஆள் வரும்போதுதான் முதல்முறையாக வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு வருகிறது, அதுவும் விலையைப் பற்றி மட்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். நிலமே இல்லாத வீட்டுப் பிள்ளையிடம் போய் ‘விவசாயத்துக்கு வா’ என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அப்பனும் பாட்டனும் அடுத்தவன் புஞ்சையில் கும்பிட்டுக் கூலி வாங்கின வீட்டில், பிள்ளை சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஐ.டி.ஐ.க்குப் போவது விடுதலை. அவன் பேருக்கு நேரே நாம் சந்தோஷமாக ‘பேட்டை ஐ.டி.ஐ., வெல்டர்’ என்று எழுதவேண்டும். பெண் பிள்ளைகள் விஷயமும் அப்படித்தான். மாதம் ஆயிரம் ரூபாயைப் பிடித்துக்கொண்டு மேலநீலிதநல்லூர் கல்லூரிக்குப் பஸ் ஏறுகிற பெண்ணை நிலத்துக்குத் திருப்புவது நம்ம நோக்கம் கிடையாது. அவள் படித்து முடித்து எங்கே போனாள், கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பு என்ன ஆனது என்று யாரும் எழுதிவைக்கவில்லையே என்பதுதான் குறை.

சரி, எழுதி என்ன செய்ய? இதற்கு நான் சொல்கிற பதில் கொஞ்சம் சுயநலம். நம்ம இயக்கத்துக்கு ஆள் வேண்டும்.

பங்கேற்பு உத்தரவாத முறையில் இயற்கைச் சான்று வாங்கக் குறைந்தது 5 உழவர்கள் சேர்ந்த குழு வேண்டும். நிலவரை படம், பயிர்ப் பதிவு, ஒருவர் நிலத்தை மற்றவர் ஆய்வு செய்த அறிக்கை எல்லாம் கணினியில் ஏற்றவேண்டும். நம்ம குழுக்கள் பல இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. அறுபது வயது ஆட்கள் கடவுச்சொல்லை மறந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம், நாலு வீடு தள்ளி பி.எஸ்சி. கணினி படித்த பெண் ‘சும்மா’ இருக்கிறாள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்குக் கணக்கு எழுத சங்கரன்கோவிலில் ஆள் தேடுகிறோம், பி.காம். முடித்த பையன் பக்கத்துத் தெருவில் ஜவுளிக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறான். குதிரைவாலி உமி நீக்குகிற மெஷின், உளுந்து உடைக்கிற மெஷின் பழுதானால் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வரும்வரை மூட்டை கிடக்கிறது. காத்தாடி உச்சியில் ஏறி எண்ணெய் போடுகிற நம்ம ஊர்ப் பையனுக்கு அந்த மெஷின் எம்மாத்திரம்? ஆனால் அவன் எங்கே இருக்கிறான், என்ன படித்தான் என்று சங்கத்துக்குத் தெரியாது. கேட்டதே இல்லை.

இலவசமாகச் செய்யச் சொல்லாதீர்கள். இது என் கெஞ்சல். ‘நம்ம ஊர்ப் பிள்ளைதானே’ என்று ஓசியில் வேலை வாங்கினால் அதுவும் ‘சும்மா’ கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். சான்றுப் பதிவுக்கு ஒரு குழுவுக்கு இவ்வளவு என்று பேசி, மாதம் பிறந்தால் கையில் கொடுங்கள். தொகை சின்னதாக இருக்கலாம். அண்ணாச்சிகள் கேட்பது அந்த ஒன்றாம் தேதியைத்தான்.

தென்காசி மத்தளம்பாறையில் ஜோஹோ கம்பெனி அலுவலகம் வைத்து, பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமாவோ முடித்த பிள்ளைகளை எடுத்து, பயிற்சிக் காலத்திலேயே உதவித்தொகை கொடுத்துப் பழக்குவதை நாமெல்லாம் பார்க்கிறோம். கணினி எழுதுவதைக் கிராமத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க முடியும் என்றால், மானாவாரி விதைப்பைக் கற்றுக்கொடுக்க முடியாதா? ஒரு முன்னோடி உழவர் நிலத்தில் ஒரு பருவம், விதைப்பிலிருந்து அறுப்பு வரைக்கும், சாப்பாடும் கைச்செலவும் கொடுத்து இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொள்ளச் சங்கத்தால் முடியும். யாரை வைத்துக்கொள்வது என்பதற்கும் அந்த நோட்டுதான் வேண்டும்.

எப்போது கேட்பது? நம்ம கரிசல் பஞ்சாங்கமே இதற்குத் தோதாக இருக்கிறது. பரீட்சை முடிந்து மூன்று மாதம் என்றால் ஆனி, ஆடி. காற்று அடிக்கிற காலம், புஞ்சையில் வேலை குறைவு, கல்லூரிச் சேர்க்கையும் ஓரளவு முடிந்திருக்கும். வீட்டில் ஆள் இருக்கும், பேச நேரம் இருக்கும். புரட்டாசி பிறந்துவிட்டால் விதைப்பு வந்துவிடும், யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். ஒன்பது மாதம் என்றால் பொங்கல். சென்னையில் பலசரக்குக் கடையில் நிற்கிறவன், திருப்பூரில் தைக்கிறவள், பெங்களூரில் கம்ப்யூட்டர் தட்டுகிறவன் எல்லாரும் ஊருக்கு வருகிற ஒரே சமயம் அதுதான். மாட்டுப் பொங்கல் அன்றைக்குச் சாயங்காலம் தெருவில் நின்றால் போதும், வீடு வீடாக அலையவேண்டாம்.

பனை வடலி என்றால் இளம்பனை என்று இந்த ஊர்ப் பெயரைக் கேட்கிற எல்லாருக்கும் தெரியும். வடலி பாளை விட்டுப் பயன் கொடுக்கப் பதினைந்து, இருபது வருடம் ஆகும். அதுவரைக்கும் ஆடு கடிக்காமல் யாராவது பார்த்துக்கொள்ளவேண்டும்.

அண்ணாச்சி மகனின் பக்கத்தை எழுதின அன்றைக்கு நான் கூட இருந்தேன். ஏழு நாள் விவரத்தை அவனே வரிசையாகச் சொன்னான். ‘வேலை’ என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை அவன் கையில் கொடுத்தோம். ‘விவசாயம்’ என்று எழுதினான். பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்த அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“முன்னால பி.இ.-ன்னு போட்டு எழுதுலே.”